வடகடலின் நெய்க்குடம்

பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்திலே இரவில் எரிந்த விளக்குகள் பலவற்றுக்குத் திமிங்கில நெய்யே எரிபொருள். அதனைத் தேடி வடதுருவத்தை அண்டிய ஸ்பிற்ஸ்பேர்கன் தீவுக்கு ஆண்டுதோறும் மரக்கலங்கள் சென்றன. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அதே ஒல்லாந்தர்தாம் அவற்றைச் செலுத்தியவர்கள். கரையிலே பெரிய செப்புக் கொப்பரைகளை ஏற்றித் திமிங்கிலக் கொழுப்பை உருக்கிய இடத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ஸ்மீரன்பேர்க். தமிழிற் சொல்வதானால், ‘கொழுப்பூர்’.

அக்கொப்பரைகளிற் கொதித்த நெய் எங்கிருந்து வந்தது? திமிங்கிலத்திலிருந்து என்பது பாதி விடைதான். வில்தலைத் திமிங்கிலம் என வழங்கும் அப்பெருவிலங்குக்குப் பற்கள் இல்லை. வாயினுள்ளே தொங்கும் தகடுகளாற் கடல்நீரை வடித்து, அதிற் சிக்கும் மிதவை உயிர்களை உண்டே ஏறத்தாழ அரை மீற்றர் தடிப்புள்ள கொழுப்பைப் போர்த்துக்கொள்கிறது. அம்மிதவை உயிர்களுள் தலையாயது கலானுஸ். இறால், நண்டு ஆகியவற்றுக்கு உறவானது. உருவிலோ ஓர் அரிசிமணி அளவைத் தாண்டாதது. இதன் இனமொன்றை 1770இல் விவரித்துப் பெயரிட்டவர் நோர்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகரத்துக் கிறிஸ்தவப் பேராயர் குன்னெருஸ் என்பது சுவையான செய்தி.

கலானுஸின் உடல் கண்ணாடி போன்றது. உள்ளே நீண்டதோர் எண்ணெய்ப்பை தெளிவாகத் தெரியும். கோடை முடியுங் காலத்தில், நீர் நீங்கலான அதன் எடையிற் பாதிக்கு மேல் கொழுப்பாகவே இருக்கும். நெய்க்குடம் ஒன்றுக்குக் கால் முளைத்து நீந்துவதுபோல என்று சொன்னாலும் மிகையாகாது.

இத்துணைக் கொழுப்பு அதற்கு எதற்கு? துருவக் கடலிலே ஞாயிறு மாதக்கணக்கில் மறைவதில்லை. பின்னர் மாதக்கணக்கில் உதிப்பதுமில்லை. ஒளி வந்ததும் முதலிற் பனிக்கட்டியின் அடியிலே நுண்பாசிகள் செழிக்கும். பனி உருகியபின் திறந்த நீரிலே வேறு பாசிகள் பல்கும். இந்த விளைச்சல் நீடிப்பது சில வாரங்களே. அதற்குள் ஆண்டு முழுவதுக்குமான உணவைத் தேடிக்கொள்ளவேண்டும். கலானுஸ் பாசியை உண்டு, அதை மெழுகு இனத்ததான எண்ணெயாக மாற்றிச் சேமித்து, பல நூறு மீற்றர் ஆழத்துக்கு இறங்கித் துயில்கிறது. பேரினமாகிய ஒருவகைக் கலானுஸின் பெண்ணோ, நடுக்குளிரில், ஒரு வாய் உணவுமின்றிச் சேமித்த நெய்யைக்கொண்டே முட்டையிடுகிறது. கொழுப்பு மிகுந்த அம்முட்டைகள் தாமாகவே மேல்நோக்கி மிதந்து செல்கின்றன. தாய் தான் காணாத வேனிலுக்குப் பிள்ளைகளை அனுப்பிவைக்கிறாள்!

இந்த மெழுகின் பெருமையை 1970களில் விரித்துரைத்தவர்கள் அமெரிக்கரான அன்றூ பென்சனும் றிச்சட் லீயும். மீன்கள் மெழுகைச் செரித்துத் தம் கொழுப்பாக்கிக்கொள்ளும். துருவக் கொட் மீன் கலானுஸை உண்ண, கடல்நாய் அம்மீனை உண்ண, வெண்கரடி கடல்நாயின் கொழுப்பை உண்கிறது. சிறுவயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு மீனெண்ணெய் விழுங்கியவர்கள் நம்மிற் பலர்; அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்களும் பாசியிலே தொடங்கி இவ்வாறு கைமாறி வந்தவையே.

வேறொரு பணியும் இதற்குண்டு. ஆழத்திலே துயிலும் உயிர் தன் கொழுப்பை எரிக்க, அக்கரி அங்கேயே தங்கிவிடுகிறது. வட அத்திலாந்திக்கில் இவ்வாறு இறங்கும் கரி, மடிந்த உயிர்த்துகள்களோடு மூழ்கும் கரிக்கு நிகராகலாம் என 2015இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது.

இன்று வடகடல் வெப்பமடைகிறது. அத்திலாந்திக் நீரோடு, பேராயர் பெயரிட்ட சிறிய கலானுஸ் இனம் வடக்கே பரவுகிறது. குளிர்நீர் இனங்களோடு ஒப்பிட்டால், ஒவ்வொன்றும் சுமக்கும் கொழுப்பு பல மடங்கு குறைவு. சிறியது விரைந்து பெருகுமாதலால் கடலின் மொத்தக் கொழுப்பு குன்றாது என வாதிடும் அறிஞரும் உளர். வாயகலத் திறந்து வடித்துண்ணும் திமிங்கிலத்துக்கு அவ்வாதம் பொருந்தலாம். ஒவ்வொன்றாய்ப் பொறுக்கியுண்ணும் உயிருக்குப் பொருந்துமா என்பதே என் ஐயம்.

ஸ்பிற்ஸ்பேர்கனின் பாறைச்சரிவுகளிலே இலட்சக்கணக்கிற் கூடுகட்டும் சிறிய ஓக் பறவை அத்தகையது. எடை ஏறக்குறைய 160 கிராம். குஞ்சு வளர்க்குங் காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 60,000 கலானுஸ்கள் அதற்குத் தேவை. இருபத்துநான்கு மணி நேரமும் ஓயாது வேட்டையாடினும் நிமிடத்துக்கு நாற்பதுக்கு மேல்! கண்ணாற் கண்டு, ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பிடிக்கிறது. பலமுறை அண்மையிற் சென்று குஞ்சுக்கு இரை கொணர்ந்தபின், தன் உடலைத் தேற்ற ஒருமுறை நெடுந்தூரம் செல்வது அதன் வழக்கம். கொழுத்த கலானுஸ் அரிதான இடங்களிலே அந்த நெடும்பயணம் மேலும் நீளுகிறது. குஞ்சோ, பாறையிடுக்கிலே காத்திருக்கிறது.