வெள்ளிக்கிழமைச் சங்கம்

தமிழ்நாட்டில் அரசுக் கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஊரெல்லாம் ஓய்வெடுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு வாசகர் கூட்டம் அதிகம். மற்றத் துறைச் சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமை கூடும்போது நூலகர் வர முடியாது. நூலகர்கள் வெள்ளிக்கிழமை கூடினால் மற்றவர்களுக்கு ஆபீஸ். நாங்கள் தனித்துக் கிடப்பது இங்கிருந்தே தொடங்கிவிடுகிறது.

நான் ஊர்ப்புற நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு தச்சநல்லூர், வேலை பார்த்தது தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்தில். பூட்டைத் திறந்து, பெருக்கி, பேப்பர்களை மேசையில் பரப்புவதில் தொடங்கும் நாள். புதுப் புத்தகக் கட்டு வந்தால் பிரித்து, சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, எண் எழுதி அடுக்க வேண்டும். உறுப்பினர் சேர்க்க வேண்டும். ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேருங்கள் என்று வசதியானவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறினால் அடித்தட்டுப் புத்தகங்களைத் தூக்கி மேலே வைக்க வேண்டும். இத்தனைக்கும் ஒரே ஆள். இருப்புச் சரிபார்க்கும்போது புத்தகம் குறைந்தால் விலையைக் கட்டுவதும் அதே ஆள்தான். நான் கட்டியிருக்கிறேன். நனைந்து கூழாகிப் போன புத்தகங்களுக்கும் சேர்த்துக் கட்டினேன்.

என்னைப் போலவே தனியாக ஒரு நூலகத்தைப் பார்த்துக்கொண்ட தங்கை ஒருத்தி அழாத குறையாகப் போனில் கேட்டது நினைவிருக்கிறது: “யக்கா, பிள்ளைக்குக் காய்ச்சலு. நான் லீவு போட்டா லைப்ரரிய யாரு தொறக்கது?”

ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே கதை உண்டு. 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12இல் வ.உ.சி. கைதானபோது திருநெல்வேலியே கொந்தளித்தது. அந்த மில்லில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சங்கொலிக்கு உள்ளே போய், ஒரே வாசல் வழியாக வெளியே வந்தவர்கள். நூலகருக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. பக்கத்து ஊர் நூலகரை மாதக் கூட்டத்தில் பார்த்தால்தான் உண்டு. ஆள் தனியாக இருக்கிற வேலைக்குத்தான் சங்கம் அதிகம் தேவை என்பேன்.

சங்கம் வைக்க உரிமை இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதைத் தருகிறது. சிக்கல் அதற்கு அடுத்த படியில். சங்கம் வைக்கும் உரிமைக்குள் பேரம் பேசும் உரிமையும் அடக்கம் என்று சொல்ல முடியாது என உச்ச நீதிமன்றம் 1960களின் தொடக்கத்திலேயே வங்கி ஊழியர் வழக்கில் சொல்லிவிட்டது. 2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். ஆகஸ்ட் 6ஆம் தேதி வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றது. ஆக, அங்கீகாரம், பேச்சுவார்த்தை எல்லாம் அரசு மனம் வைத்துக் கூப்பிட்டால்தான்.

அரசு ஊழியர் என்ற பெயரிலும் எங்களுக்குப் படிநிலை உண்டு. முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை நூலகர்களுக்கு வழக்கமான காலமுறை ஊதியம். ஊர்ப்புற நூலகருக்கோ சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்களைப் போல ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’. பெயரில்தான் சிறப்பு, கைக்கு வருவது குறைவு. நூலக அறிவியல் படித்துவிட்டு இந்தச் சம்பளத்துக்கு வருகிறவர்கள் மூன்றாம் நிலைப் பதவி உயர்வுக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் கீழே பகுதிநேர நூலகங்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்கள் குரல் எந்தச் சங்கத்திலும் சரியாகக் கேட்டதில்லை என்பது என் வருத்தம்.

நூலகர் சங்கம் புதிய யோசனை அல்ல. நியூயார்க் பொது நூலக ஊழியர்கள் 1917இலேயே சங்கம் அமைத்தார்கள். மாட் மலோன் என்ற பெண் நூலகர் அதில் முன்னணியில் நின்றார். வேலையில் பெரும்பாலோர் பெண்கள், உயர் பதவிகளிலோ ஆண்கள். இதை மாற்றக் கோரி அவர்கள் 1919இல் அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டுக்குக் கொண்டுபோன தீர்மானத்தை மற்ற நூலகர்களே தோற்கடித்தார்கள். இன்று அந்நகர நூலக ஊழியர்கள் சார்பில் பேசி ஒப்பந்தம் போட அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம் இருக்கிறது.

இங்கே நூலகரோடு அப்படிப் பேச ஏற்பாடில்லை; நம்மிடம் பணம் கேட்டு வாங்க மட்டும் உறுதியான ஏற்பாடு உண்டு. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் விடாமுயற்சியால் வந்த 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். சென்னையில் 2010இலும் மதுரையில் 2023இலும் திறந்த பெரிய நூலகங்கள் நமக்குப் பெருமை. ஆனால் மாநிலத்தின் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்களில் பெரும்பாலானவை என்னுடையதைப் போன்ற சின்னக் கட்டடங்கள்.

ஊர்ப்புறம், பகுதிநேரம் உட்பட எல்லா நிலையினரையும் சேர்த்து ஒரே சங்கம் பேச வேண்டும். மாவட்டந்தோறும் அதிகாரிகள் அந்தச் சங்கத்தை மாதம் ஒரு முறையாவது உட்காரவைத்துக் கேட்டு, முடிவைக் கூட்டக் குறிப்பில் எழுதித் தர வேண்டும். விடுப்புக்கு மாற்று ஆள், புத்தக இழப்புக்கு நியாயமான விதி, பதவி உயர்வுப் பட்டியல் ஆகிய மூன்றையும் முதல் கூட்டத்திலேயே எடுக்கலாம். நூலகத் துறை பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வருகிறது. மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்துக்கு வருகிறது. அதற்கு முன்பே உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் வாசகர்களும் ஒரு மனு கொடுங்கள். நூலகர் கொடுக்கும் மனுவை விட, வரி கட்டுகிறவர் கொடுக்கும் மனு சீக்கிரம் நகரும்.