திண்டிவனம் ரோட்டில் கார் நின்றுபோனால்... 'ரோட்சைடு அசிஸ்டன்ஸ்' நியாயமான விலையில் எடுப்பது எப்படி?

வேலை சென்னையில், வீடு விழுப்புரம் பக்கம். வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் இளைஞர்களுக்கு அந்த 160 கிலோமீட்டர் மனப்பாடம். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என மூன்று டோல்கேட், நடுவில் ஒரு டீ. எல்லாம் சரியாகப் போகும்வரை பிரச்னை இல்லை. ஆனால் திண்டிவனம் தாண்டி, கூட்டேரிப்பட்டுக்கு முன்னால், இரவு 11 மணிக்கு வண்டி நின்றுவிட்டால்?

அந்த நேரத்தில் ரெக்கவரி வண்டிக்கு விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. "இவ்ளோ ஆகும் சார், வரவா வேணாமா?" என்பதுதான் பேச்சு. பேரம் பேசும் நிலையில் யாரும் இருக்க மாட்டார்கள். இதற்காகத்தான் 'ரோட்சைடு அசிஸ்டன்ஸ்', சுருக்கமாக ஆர்.எஸ்.ஏ. ஆனால் பலர் இதை இரண்டு இடங்களில் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார்கள். சிலர் இருப்பதாக நினைத்துக்கொண்டு இல்லாமலேயே ஓட்டுகிறார்கள். எதை எடுப்பது, எதைத் தவிர்ப்பது, புதுப்பிக்கும்போது எதைப் பார்ப்பது?

இன்ஷூரன்ஸ் இருக்கே, அது போதாதா?

போதாது. 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்று சொல்லப்படும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, விபத்து, திருட்டு, தீ, வெள்ளம் போன்றவற்றால் காருக்கு வரும் சேதத்துக்கானது. இயந்திரக் கோளாறும் மின்கோளாறும் அதன் வழக்கமான விதிவிலக்குகள். பேட்டரி செத்துப்போனது, கிளட்ச் போனது, ரேடியேட்டர் சூடாகி நின்றது எதற்கும் அதில் பணம் வராது.

விபத்து என்றால், காரை அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு செல்லும் செலவுக்கு வழக்கமான தனியார் கார் பாலிசியில் ரூ.1,500 வரை இடம் உண்டு. விபத்து இல்லாமல் வண்டி 'படுத்துவிட்டால்' அதுவும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவதுதான் ஆர்.எஸ்.ஏ. பஞ்சருக்கு ஸ்டெப்னி மாற்றித் தருவது, பேட்டரிக்கு ஜம்ப் ஸ்டார்ட், அவசரத்துக்கு எரிபொருள், சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் உதவி, ஸ்பாட்டில் சின்ன ரிப்பேர், முடியாவிட்டால் டோயிங் ஆகியவை இதில் அடங்கும். உழைப்புக்கு மட்டும்தான் இலவசம். டீசல், புது பேட்டரி, உதிரிபாகம் எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பணம் தர வேண்டும்.

காசே இல்லாமல் கிடைப்பது: 1033

தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 24 மணி நேர உதவி எண் 1033. பழைய என்.எச். 45-ல் திண்டிவனம்–விழுப்புரம் பகுதி இப்போது என்.எச். 132. டோல் உள்ள இதுபோன்ற நெடுஞ்சாலைகளில் ரோந்து வாகனம், ஆம்புலன்ஸ், கிரேன் வைத்திருப்பது சாலையைப் பராமரிப்பவர்களின் பொறுப்பு. நீங்கள் கட்டும் டோலுக்குள் இதுவும் அடக்கம்.

ஆனால் அந்த கிரேன் வருவது சாலையில் இடைஞ்சலாக நிற்கும் வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துவதற்கு. உங்கள் சர்வீஸ் சென்டர் வரை இழுத்துப்போவதற்கு அல்ல. 1033 உங்களை ஆபத்திலிருந்து எடுக்கும், ஒர்க்‌ஷாப்பில் சேர்க்காது. மேல்மலையனூர், மயிலம் போகும் உள்சாலைகளில் நின்றால் இந்த ஏற்பாட்டை எதிர்பார்க்கவும் முடியாது.

எங்கெல்லாம் வாங்கலாம்?

நான்கு வழிகள் உள்ளன.

1. கார் நிறுவனம் தருவது: புது கார் என்றால் வாரன்டி காலத்தில் பெரும்பாலும் ஆர்.எஸ்.ஏ. சேர்ந்தே வரும். பிறகு காசு கட்டி நீட்டிக்கலாம். அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டருக்கு நேராகக் கொண்டுபோவார்கள்.

2. இன்ஷூரன்ஸ் ஆட்-ஆன்: காம்ப்ரிஹென்சிவ் அல்லது ஓன் டேமேஜ் பாலிசியோடு சேர்த்து வாங்குவது. பொதுவாக சில நூறு ரூபாயில் முடியும். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு பெரும்பாலும் இது கிடைக்காது.

3. தனி நிறுவனங்களின் சந்தா: வண்டியின் வயதைப் பெரிதாகப் பார்க்காத திட்டங்கள் இங்கே கிடைக்கும். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு வசதி. சந்தா எடுத்த முதல் சில நாட்களுக்கு சேவை இல்லை என்ற நிபந்தனை இருக்கலாம்.

4. ஆட்டோமொபைல் சங்கங்கள்: சென்னை அண்ணா சாலையில் இயங்கும் தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கம் போன்றவை உறுப்பினர்களுக்கு உதவி வழங்குகின்றன.

இதைத் தவிர, சில கிரெடிட் கார்டுகளோடும் ஆர்.எஸ்.ஏ. வரும். அதனால் புதிதாக வாங்கும் முன், ஏற்கெனவே கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. காருக்கு வாரன்டி ஆர்.எஸ்.ஏ. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்-ஆனிலும் காசு கட்டுவது, ஒரே பஞ்சருக்கு இரண்டு பேரை வரச்சொல்வது மாதிரி.

'இந்தியா முழுக்க சர்வீஸ்' என்றால் திண்டிவனத்தில் கிடைக்குமா?

விளம்பரத்தில் இருக்கும் பெரிய எண்களைவிட, நீங்கள் வழக்கமாக ஓட்டும் ரூட் முக்கியம். வாங்கும் முன் கஸ்டமர் கேரை அழைத்துக் கேட்க வேண்டியவை:

* இலவச டோயிங் எத்தனை கிலோமீட்டர்? அதைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு எவ்வளவு?
* கிலோமீட்டர் கணக்கு எங்கிருந்து தொடங்கும்? கார் நிற்கும் இடத்திலிருந்தா, ரெக்கவரி வண்டி கிளம்பும் இடத்திலிருந்தா?
* கொண்டுபோய் விடுவது அருகிலுள்ள ஒர்க்‌ஷாப்பிலா, நான் சொல்லும் இடத்திலா?
* வருடத்துக்கு எத்தனை முறை? டோயிங்குக்குத் தனி வரம்பு உண்டா?
* விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் உங்களுக்கு ஆள் இருக்கிறார்களா? இரவில் வருவார்களா?
* நான் சொந்தமாக ஆள் பிடித்துச் சரிசெய்தால் பில்லைக் கொடுத்துப் பணம் திரும்பப் பெற முடியுமா?

முதல் கேள்வியை ஒரு கணக்கோடு பார்க்கலாம். கார் நின்றது கூட்டேரிப்பட்டில். நீங்கள் நம்பும் சர்வீஸ் சென்டர் சுமார் 140 கி.மீ. தள்ளி சென்னையில். பாலிசியின் வரம்பு 50 கி.மீ. மீதி 90 கி.மீ.க்கு, கிலோமீட்டருக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட ரூ.2,700 கையிலிருந்து போகும். அதே காரை விழுப்புரத்திலோ புதுச்சேரியிலோ உள்ள சர்வீஸ் சென்டரில் விட்டால் வரம்புக்குள் முடிந்துவிடலாம். உங்கள் பிராண்டுக்கு இந்த இரண்டு ஊர்களிலும் சர்வீஸ் சென்டர் இருந்தால் 50 கி.மீ. திட்டமே போதும். இல்லையென்றால் அதிக கிலோமீட்டர் தரும் திட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயம்.

ஆட்டோமேட்டிக் கியர், எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: 'ஃபிளாட்பெட்' வண்டி வருமா? இவற்றில் பலவற்றைச் சக்கரம் தரையில் உருள இழுத்தால் உள்ளே சேதமாகும். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டினால் சேவையை மறுக்க வாய்ப்புண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

ரினியூவலில் எங்கே ஏமாறுகிறோம்?

இன்ஷூரன்ஸ் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே மெசேஜ் வர ஆரம்பித்துவிடும். லிங்க்கைத் தட்டி, வந்த தொகையைக் கட்டிவிட்டுப் போவதுதான் பலரின் வழக்கம். கொஞ்சம் நின்று பில்லைப் பிரித்துப் பாருங்கள்.

தேர்டு பார்ட்டி: இதை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி 1,000 சிசி வரை ரூ.2,094, 1,000 முதல் 1,500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. ஒரே காருக்கு எந்த கம்பெனியிலும் ஒரே தொகைதான். இதில் 'ஆஃபர்' என்று யாரும் தர முடியாது.

ஓன் டேமேஜ்: கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது இதுதான். ஒப்பிடும்போது ஐ.டி.வி., அதாவது காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு, எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் குறைத்துவிட்டு பிரீமியம் குறைவு என்று காட்டுவது பழைய டெக்னிக். கார் திருடுபோனால் அந்தக் குறைந்த தொகைதான் கைக்கு வரும்.

நோ கிளைம் போனஸ்: கிளைம் செய்யாத ஆண்டுகளுக்கு ஏற்ப ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை தள்ளுபடி. கம்பெனி மாறினாலும் இது உங்களோடு வரும். பாலிசி முடிந்து 90 நாட்களைத் தாண்டிவிட்டால் போய்விடும். ஆர்.எஸ்.ஏ. சேவையை அழைத்தது பொதுவாக இதில் கிளைமாகக் கணக்காகாது.

ஆட்-ஆன்கள்: ஆன்லைனில் வாங்கும்போது சில பெட்டிகள் முன்கூட்டியே 'டிக்' ஆகியிருக்கும். வாடிக்கையாளரின் சம்மதம் இல்லாமல் கூடையில் பொருள் சேர்ப்பதை, 2023 நவம்பரில் வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. தேவையில்லாததை எடுத்துவிட்டு மொத்தத்தைத் திரும்பப் பாருங்கள். 400 ரூபாய் ஆட்-ஆன் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு ரூ.472 ஆகும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

ஆட்டோ டெபிட்: தனிச் சந்தா எடுத்தவர்களுக்கு இது முக்கியம். முதல் வருட சலுகை விலை முடிந்ததும் முழு விலை தானாகக் கழிந்துவிடும். ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலோ யு.பி.ஐ.யிலோ தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் வர வேண்டும். அந்த மெசேஜைத் தவறவிடாமல் இருந்தால் ரத்து செய்யலாம்.

பழைய வாடிக்கையாளரிடம் அதிகம் வசூலிப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். பிரிட்டனில் வீடு, வாகன இன்ஷூரன்ஸில் புதியவரைவிடப் புதுப்பிப்பவரிடம் அதிக விலை சொல்வதை 2022 ஜனவரி 1 முதல் அந்நாட்டு நிதி ஒழுங்குமுறை ஆணையம் தடை செய்தது. இங்கே அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய வாடிக்கையாளராக இன்னொரு விலை எடுத்து, அதைப் பழைய கம்பெனியிடம் காட்டி, "இதுக்கு வருமா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

ஃபெங்கல் சொல்லிக்கொடுத்தது

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெங்கல் புயலில் மயிலத்தில் மட்டும் சுமார் 51 செ.மீ. மழை கொட்டியது. அரசூர் அருகே நெடுஞ்சாலையில் வெள்ளம் ஓடி, சென்னை–திருச்சி போக்குவரத்தே தடைபட்டது. இதுபோன்ற நாட்களில்தான் ஆர்.எஸ்.ஏ. அதிகம் தேவைப்படும். ஆனால் இயற்கைப் பேரிடர் நேரத்தில் சேவை கிடையாது என்ற வரி பல திட்டங்களில் இருக்கிறது. சிறிய எழுத்துகளில் தேட வேண்டிய முதல் வரி அதுதான்.

இன்னொன்று, தண்ணீரில் நின்ற காரை மீண்டும் ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறினால், அந்தச் சேதத்துக்கு சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பணம் கிடைப்பது கடினம். அதற்கு 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனி ஆட்-ஆன் உண்டு. ஆட்-ஆன்களைப் பொதுவாகப் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்க்க முடியும். மழை வந்தபின் யோசித்துப் பயனில்லை. தாழ்வான பகுதியில் வீடு இருந்தால், ஆர்.எஸ்.ஏ.வைவிட முதலில் இதற்குக் காசு ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.

வண்டி நின்றதும் செய்ய வேண்டியவை

* முடிந்தவரை இடது ஓரம் ஒதுக்கி, ஹஸார்டு லைட் போடுங்கள்.
* காரில் இருக்கும் முக்கோண எச்சரிக்கைப் பலகையை 50 மீட்டராவது பின்னால் வையுங்கள்.
* யாரும் காருக்குள் உட்கார வேண்டாம். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். பின்னால் வரும் லாரிதான் பெரிய ஆபத்து.
* முதலில் 1033. யாருக்காவது அடிபட்டிருந்தால் 108. பிறகு ஆர்.எஸ்.ஏ. எண்.
* அந்த எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். போலி கஸ்டமர் கேர் எண்களை வைத்து முன்பணம் பறிக்கும் கும்பல்கள் உண்டு. பாலிசியில் உள்ள எண்ணை இப்போதே போனில் சேமியுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930.
* டோயிங் ஏற்றும் முன் காரைச் சுற்றி வீடியோ எடுங்கள். புதிதாகக் கீறல் விழுந்தால் பேச ஆதாரம் இருக்கும்.

வரவே இல்லை என்றால்?

அழைத்த நேரம், கம்ப்ளெயின்ட் எண், வெளியில் ஆள் வைத்த பில் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ஆட்-ஆனாக வாங்கியிருந்தால் முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார். அடுத்து ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளம் அல்லது 155255. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

தனி நிறுவனச் சந்தா என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

சுருக்கமாக...

வாரன்டிக்குள் இருக்கும் புது கார்: கம்பெனி தரும் ஆர்.எஸ்.ஏ. போதும், ஆட்-ஆனை எடுத்துவிடுங்கள். வாரன்டி முடிந்து காம்ப்ரிஹென்சிவ் பாலிசி உள்ள கார்: ஆட்-ஆன்தான் பெரும்பாலும் மலிவு. தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள பழைய கார்: தனிச் சந்தா. மாதம் ஒருமுறைகூட ஊரைத் தாண்டாத கார்: தெரிந்த மெக்கானிக் அண்ணன் நம்பரும், காற்று உள்ள ஸ்டெப்னியுமே போதும்.

அந்த ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அடுத்த முறை பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போது அதையும் சரிபார்த்துவிடுங்கள்.