மூன்று முறை முந்திய போகா

மொத்தம் 210 நிமிடம் நடந்த ஓர் இறுதிப் போட்டி. அதில் வென்ற அணி முதன்முதலாக முன்னிலைக்கு வந்தது 199-வது நிமிடத்தில். அதுவரை மூன்று தடவை முந்திப் போனது தோற்ற அணிதான்.

2018-ஆம் ஆண்டு கோபா லிபர்டடோரெஸ் இறுதி அது. ஐரோப்பாவுக்கு சாம்பியன்ஸ் லீக் எப்படியோ, தென் அமெரிக்காவுக்கு இந்தக் கோப்பை அப்படி. மோதியவை போகா ஜூனியர்ஸ், ரிவர் பிளேட். இரண்டும் புவெனஸ் அயர்ஸ் நகரத்து அணிகள். இரண்டுமே லா போகா என்கிற துறைமுகப் பேட்டையில் பிறந்தவை. ரிவர் பின்னாளில் நகரின் வசதியான வடபகுதிக்குக் குடிபெயர்ந்தது, போகா பேட்டையிலேயே தங்கிவிட்டது. நூறாண்டு கடந்தும் அந்தப் பங்காளிச் சண்டை ஓயவில்லை. ஆனால் லிபர்டடோரெஸ் இறுதியில் இரண்டும் நேருக்கு நேர் நின்றது அதுவே முதல் தடவை.

ரிவர் ஜெயித்தது, இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 5-3. வெற்றி கிடைத்த டிசம்பர் 9 ரிவர் ரசிகர்களுக்கு இன்றும் திருவிழா நாள். பட்டாசுப் புகை அடங்கியபின் அவர்களில் ஒருவர் அந்த இரண்டு ஆட்டங்களையும் மறுபடி போட்டுப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போகாவை அவருக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். யார் எந்தக் காலால் அடிப்பார், யார் எப்போது கோபப்படுவார் என்பதெல்லாம் மனப்பாடம். பங்காளி வீட்டுக் கணக்கு நம் வீட்டுக் கணக்கைவிட நமக்குத் துல்லியமாகத் தெரியுமே, அப்படி. போகா எதில் பலம், எங்கே ஓட்டை என்று அவரைக் கேட்டால் என்ன சொல்வார்?

முதலில், கொஞ்சம் முனகிக்கொண்டே, பலத்தைச் சொல்வார்.

அந்த போகா சாதாரண அணி இல்லை. 2016-17, 2017-18 என்று அடுத்தடுத்து இரண்டு முறை அர்ஜென்டினா லீக்கை வென்ற அணி. பயிற்சியாளர் கியர்மோ பாரோஸ் ஸ்கெலோட்டோ, ஆட்டக்காரராகவே போகா கொண்டாடிய ஆள். நடுக்களத்தில் கொலம்பியாவின் வில்மர் பாரியோஸ், உருகுவேயின் நாஹிதான் நான்தெஸ். எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பிடுங்குவதில் இருவரும் கெட்டிக்காரர்கள். இரண்டு ஓரங்களிலும் செபாஸ்தியான் வியா, கிறிஸ்தியான் பவோன். இருவருமே காற்றாய்ப் பறப்பார்கள். எதிரணி ஏறி ஆடும்போது பந்தைப் பறித்து, இரண்டே பாஸில் எதிர்க் கோல் வாசலுக்குப் போய்விடுவதுதான் போகாவின் வித்தை. ரிவரோ பந்தை வைத்துக்கொண்டு ஏறி ஆடும் அணி. அப்படிப்பட்ட அணிக்கு போகாவைப்போல ஆபத்தான எதிரி வேறு கிடையாது.

இவர்களுக்கு முன்னால் டாரியோ பெனடெட்டோ. 2017 நவம்பரில் முழங்கால் தசைநார் அறுந்து மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தவர். அரையிறுதியில் பிரேசிலின் பால்மெய்ராஸுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, கடைசிச் சில நிமிடங்களில் இரண்டு கோல் போட்டார். மறு ஆட்டத்தில் இன்னொன்று. இறுதியின் இரு ஆட்டங்களிலும் தலா ஒன்று. நான்கு ஆட்டங்களில் ஐந்து கோல். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது முதல் ஆட்டம். இடம், போகாவின் லா பொம்பொனேரா மைதானம். நவம்பர் 10 அன்று நடந்திருக்க வேண்டியது. கொட்டிய மழையில் மைதானம் குளமாகிவிட, மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அரங்கில் ரிவர் ரசிகர் ஒருவர்கூட இல்லை. வன்முறைக்குப் பயந்து விருந்தாளி அணியின் ரசிகர்களை உள்ளே விடுவதை அர்ஜென்டினாவில் 2013-லேயே நிறுத்திவிட்டார்கள்.

34-வது நிமிடம். போகாவின் ரமோன் அபிலா ஓங்கி உதைக்கிறார், ரிவர் கோல்கீப்பர் ஃபிராங்கோ அர்மானி தடுக்கிறார், திரும்பி வந்த பந்தை அபிலாவே வலைக்குள் அனுப்புகிறார். அரங்கம் அதிர்கிறது. அந்த அதிர்வு அடங்குவதற்குள், மையத்திலிருந்து பந்தை நகர்த்திய ரிவர் 35-வது நிமிடத்தில் திருப்பிப் போட்டுவிட்டது. பிட்டி மார்டினெஸ் கொடுத்த பந்து, லூகாஸ் பிராட்டோவின் ஓட்டம், 1-1.

இந்த இடத்தில் ரிவர் ரசிகர் காட்சியை நிறுத்திவிடுவார். போகாவின் தடுப்பாட்டக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று திரையில் விரலை வைத்துக் காட்டுவார். மனசு இன்னும் கோல் கொண்டாட்டத்திலேயே இருக்கிறது, உடம்பு மட்டும் ஆட்டத்துக்குத் திரும்பியிருக்கிறது. பெரிய ஆட்டத்தில் கோல் போட்ட அடுத்த ஐந்து நிமிடம் எவ்வளவு ஆபத்தானது என்று தெருமுனையில் ஆடும் பையன்களுக்கும் தெரியும். லீக் சாம்பியன்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனாலும் தவறவிட்டார்கள்.

பவோன் காயம்பட்டு வெளியேறியதால் உள்ளே வந்திருந்த பெனடெட்டோ, இடைவேளைக்குச் சற்று முன் வியாவின் ஃப்ரீ கிக்கைத் தலையால் முட்டி 2-1 ஆக்கினார். இரண்டாவது முறையாக முன்னிலை. 61-வது நிமிடத்தில் அதுவும் கரைந்தது. மார்டினெஸ் அடித்த ஃப்ரீ கிக்குக்கு பிராட்டோ எகிற, அவரை மறிக்கப்போன போகா தடுப்பாட்டக்காரர் இஸ்கியர்தோஸின் மேல் பட்டு பந்து சொந்த வலைக்குள் போனது. நம்மூர்க்காரர்கள் சொல்லும் அதே சேம்சைடு கோல். 2-2.

அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் போகாவின் கார்லோஸ் தெவேஸ் பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க, அர்மானிக்கு முன் பெனடெட்டோ தனியாக நின்றார். அர்மானி தடுத்துவிட்டார். இந்தக் காட்சியை ரிவர் ரசிகர் இப்போதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார்.

மறு ஆட்டம் நவம்பர் 24 அன்று ரிவரின் மொனுமென்டால் மைதானத்தில் நடக்க வேண்டியது. போகா வீரர்களின் பேருந்து மீது ரிவர் ரசிகர்கள் கல்லெறிந்தார்கள். கண்ணாடி உடைந்தது. போலீஸ் வீசிய கண்ணீர்ப்புகை உள்ளே புகுந்தது. போகா கேப்டன் பாப்லோ பெரெஸ் கண்ணில் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார். கோப்பையை எங்களுக்கே கொடுங்கள் என்று போகா கேட்டது, தென் அமெரிக்கக் கூட்டமைப்பு மறுத்தது. கடைசியில் ஆட்டம் அட்லாண்டிக் கடலைத் தாண்டி மாட்ரிட் நகரின் சான்டியாகோ பெர்னபேயு மைதானத்துக்குப் போனது. ஸ்பெயினிடமிருந்து விடுதலை வாங்கித் தந்தவர்களின் பெயரைத் தாங்கிய கோப்பையின் இறுதி, அந்த ஸ்பெயினின் தலைநகரிலேயே! ரிவர் ரசிகர்களின் முரட்டுத்தனம் ரிவரின் சொந்த மைதானத்தையே பறித்துவிட்டது என்பதை நம் ரிவர் ரசிகர் சத்தமாகச் சொல்ல மாட்டார்.

மாட்ரிட் ஆட்டத்தின் முதல் பாதி போகாவுடையது. 44-வது நிமிடத்தில் நடந்த கோலைப் பாடமாகவே வைக்கலாம். ரிவர் ஏறி ஆடிக்கொண்டிருக்கிறது. பந்து பறிபோகிறது. நான்தெஸ் ஒரே நீள பாஸில் ரிவர் தடுப்பைப் பிளக்கிறார். பெனடெட்டோ தடுப்பாட்டக்காரர் மைதானாவைத் தாண்டி, அர்மானியையும் ஏமாற்றி உள்ளே தள்ளுகிறார். பிறகு ரிவரின் இளம் வீரர் மொன்டியேலைப் பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டே ஓடுகிறார். அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. நான்கு வருடம் கழித்து, கத்தார் உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினாவுக்காகக் கடைசிப் பெனால்டியை அடித்து வென்று தந்தவர் அதே மொன்டியேல் என்பது தனிக்கதை.

மூன்றாவது முறையாக முன்னிலை. இனி போகா என்ன செய்யும்?

இங்கேதான் ஓட்டை. முன்னால் இருக்கும்போது இந்த அணிக்கு ஒரே ஒரு யோசனைதான் வரும்: பின்வாங்கு, காத்திரு, பந்து கிடைத்தால் வேகமாய் ஓடு. பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு, நாலு பாஸ் போட்டு, ஆட்டத்தின் மூச்சைத் தணிக்கிற ஆள் நடுக்களத்தில் இல்லை. பாரியோஸும் நான்தெஸும் பிடுங்குகிறவர்கள். பிடுங்கியதை ஆற அமர வைத்துக்கொள்வது வேறு கலை. அந்தக் கலை தெரிந்த ஃபெர்னான்டோ ககோ பெஞ்சில் இருந்தார், ஆனால் பலமுறை காயம்பட்ட உடம்பு. பந்தைப் பிடிக்கத் தெரியாத அணி, முன்னிலையை மட்டும் எப்படிப் பிடித்து வைத்திருக்கும்?

ரிவர் பக்கம் நடந்ததைப் பாருங்கள். பயிற்சியாளர் மார்செலோ கயார்டோ அன்று மைதான ஓரத்தில் நிற்கவே இல்லை. அரையிறுதியில் தடையை மீறி வீரர்களின் அறைக்குள் போனதற்காக அவருக்குத் தண்டனை. உதவியாளர் மத்தியாஸ் பிஸ்காய்தான் ஓரத்தில். இருந்தும், 58-வது நிமிடத்தில் கேப்டன் பொன்சியோவை எடுத்துவிட்டு கொலம்பியாக்காரர் ஹுவான் கின்டேரோவை இறக்கினார்கள். காவல்காரனை வெளியே அனுப்பி, பாஸ் போடுகிறவனை உள்ளே கொண்டுவந்த துணிச்சல்.

அடுத்த சில நிமிடங்களில் போகா செய்த மாற்றம்? நான்கு ஆட்டங்களில் ஐந்து கோல் போட்ட பெனடெட்டோவை வெளியே அழைத்து அபிலாவை அனுப்பினார்கள். காயத்திலிருந்து மீண்ட கால், களைத்திருக்கலாம், நியாயம்தான். ஆனால் ரிவர் தடுப்பாட்டக்காரர்களின் கண்ணில் அதுவரை இருந்த பயமும் அவரோடு சேர்ந்து வெளியே போய்விட்டது. 68-வது நிமிடம், நாச்சோ ஃபெர்னாந்தஸ் பலாசியோஸிடம் சுவரில் அடித்து வாங்குவதுபோல் கொடுத்து வாங்கி உள்ளே தள்ள, பிராட்டோ முடித்தார். 1-1. அந்த இறுதியிலேயே கண்ணுக்கு அழகான கோல் அதுதான், போகா ரசிகர்களே கொஞ்சம் மனசு வைத்தால் ஒத்துக்கொள்வார்கள்.

கூடுதல் நேரம் தொடங்கியதுமே பாரியோஸுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை. போகாவின் நடுக்கதவுக்குத் தாழ்ப்பாளாக இருந்த ஒரே ஆள் அவர். 109-வது நிமிடத்தில் மயாதா கொடுத்த பந்தைக் கின்டேரோ வாங்கினார். பெனால்டி கட்டத்துக்குச் சற்று வெளியே, பாரியோஸ் இருந்திருந்தால் காலை நீட்டியிருக்கக்கூடிய அதே இடம். யாரும் கிட்டே வரவில்லை. இடது காலால் அடித்தார். பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் உரசி உள்ளே இறங்கியது. ஒரு கொலம்பியாக்காரர் விட்டுப்போன இடத்திலிருந்து இன்னொரு கொலம்பியாக்காரர் அடித்த கோல்.

தெவேஸை இறக்கியது அதற்குப் பிறகுதான். அனுபவம் இருந்த கால்கள் கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான் கிடைத்தன. கடைசி மாற்று ஆளும் இறங்கியபின், பெஞ்சிலிருந்து ஏற்கெனவே களமிறங்கியிருந்த ககோ குதிகால் நாண் அறுந்து சரிந்தார். போகா ஒன்பது பேர்.

ஆனால் ரிவர் ரசிகர் நேர்மையானவராக இருந்தால் இங்கே ஒரு வார்த்தை சொல்வார். ஒன்பது பேரோடும் அவர்கள் கைவிடவில்லை. 120-வது நிமிடத்தில் ஹாரா அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. ஒரு சாண் உள்ளே போயிருந்தால் பெனால்டி ஷூட் அவுட், அதன்பின் யார் கண்டார்? அடுத்து வந்த கார்னருக்கு கோல்கீப்பர் அந்திராதாவே ரிவர் கோல் வாசலுக்கு ஏறி வந்துவிட்டார். பந்து வெளியே வந்தது. பிட்டி மார்டினெஸ் பாதி மைதானத்தைத் தன்னந்தனியாக ஓடி, காலியாய்க் கிடந்த வலைக்குள் உருட்டினார். 3-1.

இந்த ஒரு போட்டி மட்டும்தானா? 2014 கோபா சுடாமெரிக்கானா அரையிறுதியில், ஆட்டம் தொடங்கியவுடனே போகாவுக்குப் பெனால்டி கிடைத்தது. ஜிக்லியோட்டி அடித்ததை ரிவர் கோல்கீப்பர் பரோவேரோ தடுத்தார், ரிவர் 1-0 என்று வென்றது. 2018 மார்ச்சில் மென்டோசா நகரில் நடந்த சூப்பர்கோபாவிலும் ரிவர் 2-0. அந்த நாட்களில் வருடம் முழுக்க ஓடும் லீக்கில் போகா சாம்பியன். தோற்றால் வெளியே என்கிற ஆட்டத்தில், அதுவும் எதிரே ரிவர் என்றால், கை நடுங்கிவிட்டது. திறமையில் குறையில்லை. 2011-இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய அவமானத்தைப் பார்த்துவிட்ட ரிவருக்கு இழக்க ஒன்றுமில்லை என்று சிலர் காரணம் சொல்வார்கள். கயார்டோ என்கிற ஒரே பெயரைக் காரணமாகச் சொல்வார்கள் வேறு சிலர். இரண்டாவது கட்சிக்குத்தான் வலு அதிகம்.

அந்த போகா சீக்கிரமே கலைந்தது. ஸ்கெலோட்டோ அமெரிக்காவின் எல்ஏ கேலக்ஸிக்குப் போனார். பாரியோஸ் ரஷ்யாவின் செனித்துக்கு, நான்தெஸ் இத்தாலியின் காக்லியாரிக்கு, பெனடெட்டோ பிரான்ஸின் மார்செய்க்கு. பெரிய அணிகள் பணம் கொடுத்து வாங்கியதே அவர்களின் தரத்துக்குச் சாட்சி.

ரிவர் ரசிகர் சொல்லாமல் தாண்டிப்போகும் ஆட்டம் ஒன்று பாக்கி இருக்கிறது. மாட்ரிட் வெற்றிக்கு ஒன்பது நாள் கழித்து, கிளப் உலகக் கோப்பை அரையிறுதியில், ரிவர் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் அணியைச் சந்தித்தது. தொடக்கத்திலேயே ரஃபேல் போரே இரண்டு கோல் போட, ரிவர் 2-1 என்று முன்னிலை. இடைவேளைக்குப் பிறகு அல் ஐன் சமன் செய்தது. முன்னிலையை மீட்கக் கிடைத்த பெனால்டியை பிட்டி மார்டினெஸ் குறுக்குக் கம்பத்தில் அடித்தார். ஷூட் அவுட்டில் அல் ஐன் 5-4. மாட்ரிட்டில் காலி வலையை நோக்கி ஓடிய அதே பிட்டி மார்டினெஸ்தான்.