இடுக்கிற்கு ஏற்ற ராட்செட்

டில்லிக் கோடையில் கூலர் நின்றுவிட்டால் குழந்தைகள் படும் பாட்டை அன்பர்கள் அறிவர். சென்ற மே மாதம் எங்கள் கூலர் மோட்டாரைக் கழற்ற முனைந்தேன். சுவருக்கும் தகரப் பெட்டிக்கும் இடையே கை நுழைந்தது, ஸ்பானர் திரும்பவில்லை. விரல் முட்டிகள் தேய்ந்ததே மிச்சம்.

அறுகோண நட்டில் சாதாரண ஸ்பானர் 60 பாகை சுழன்றால்தான் அடுத்த பிடி கிடைக்கும். புரட்டிப் போட்டாலும் 30 பாகை வேண்டும். 24 பற்களுள்ள ராட்செட்டுக்கு 15 பாகையும், 72 பற்களுள்ளதற்கு வெறும் 5 பாகையும் போதும். ஆகவே கடையில் பளபளப்பைப் பாராது பற்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள். நட்டின்மேல் உயரமும் குறைவெனில் சாக்கெட் நுழையாது. வளையத்திலேயே ராட்செட் அமைந்த ஸ்பானரே உகந்தது. துருவேறிய நட்டுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விடுக. குட்டைப் பிடியை முரட்டுத்தனமாக அழுத்தினால் பல் முறியும். பிளக்கை உருவிவிட்டே கைவைக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கால்மணியில் மோட்டார் கழன்றது. கீழே விழுந்த நட்டைத் தேடத்தான் அரைமணி ஆயிற்று.