மூடி திறக்கும் நொதி

சோப்புத் தொழிலில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘எண்ணெயைக் கொதிக்கவிடாமலே கொழுப்பு அமிலமாக உடைக்கலாமாமே?’ உடைக்கலாம். நம் குடலுக்குள் தினமும் நடப்பதுதான்.

பெரிய ஆலைகளில் ஏறத்தாழ 250 டிகிரி சூட்டில், கடும் அழுத்தத்தில் நீராவி செலுத்தி எண்ணெயைப் பிளக்கிறார்கள். பாமாயில் இதைத் தாங்கும், விளக்கெண்ணெய் தாங்காது. அதன் அமிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக். அதன் சங்கிலி நடுவே ஒரு ஹைட்ராக்சில் (OH) தொகுதி உண்டு. சூடு ஏறினால் அது தண்ணீராகக் கழன்றுவிடும், இல்லையேல் பக்கத்து அமிலத்தோடு பிணைந்துகொள்ளும். எந்தக் குணத்துக்காக ஆமணக்கைத் தேடி வந்தோமோ, அதுவே போய்விடும்.

லைப்பேஸ் நொதி இதே வேலையை 40 டிகிரி வாக்கில் செய்கிறது. இந்த நொதியின் ஒரு சுபாவம் எனக்கு அலுப்பதே இல்லை. தண்ணீரில் இருக்கும்போது அதன் வினைக்குழியை ஒரு சிறு புரத மடல் மூடியிருக்கும். எண்ணெய்த் துளியைத் தொட்டதும் மடல் விலகும். என் தாத்தாவின் வெற்றிலைச் செல்லமும் அப்படித்தான், விருந்தாளி வந்தால் மட்டுமே திறக்கும். எண்ணெயும் நீரும் சந்திக்கும் விளிம்பில்தான் லைப்பேஸுக்கு வேகம் பிறக்கிறது என்று சர்தா, தெனுவேல் என்ற ஆய்வாளர்கள் 1958இல் காட்டினார்கள். மடலைப் பார்க்க 1990இன் எக்ஸ் கதிர் ஆய்வுகள் வரவேண்டியிருந்தது.

நொதியை அப்படியே கலந்தால், வேலை முடிந்ததும் அது, எண்ணெயிலிருந்து பிரியும் கிளிசரால் கலந்த தண்ணீரோடு போய்விடும். நொதியின் விலையோ அதிகம். ஆகவே பிசின் மணிகளில் ஒட்டவைக்கிறார்கள். மணி நீரை ஒட்டாத ரகமாக இருந்தால், லைப்பேஸ் அதையே எண்ணெய் என்று நம்பி மூடியைத் திறந்தபடியே ஒட்டிக்கொள்கிறது! வடிகட்டி, திரும்பவும் போடலாம். தொல்லையும் உண்டு. கிளிசரால் மணிமேல் படிந்து எண்ணெயை உள்ளே விடாது. வேகமாகக் கலக்கினால் மணி நொறுங்கும்.

ஆமணக்கு விதையிலேயே லைப்பேஸ் இருக்கிறது. ஜெர்மனியில் கான்ஸ்டைன் குழுவினர் அதைக்கொண்டே கொழுப்பைப் பிளந்து 1902இல் எழுதிவிட்டார்கள். உலகின் ஆமணக்கில் பெரும்பங்கு குஜராத்தில் விளைகிறது. இருந்தும் நாம் இன்றும் பீப்பாய் பீப்பாயாக எண்ணெயைக் கப்பலேற்றுகிறோம். அதிலிருந்து நைலான்-11 செய்து காசு பார்ப்பவர்கள் வேறு நாட்டார். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

வாசகருக்கு: சோப்புக்குக் காரமே போதும், நொதி வேண்டாம். ரிசினோலிக் அமிலமாகவே விற்கும் யோசனை இருந்தால், விலை கேட்குமுன் மணிகள் எத்தனை முறை தாங்கும் என்று விற்பவரிடம் கேளுங்கள்.