வறண்ட ஆற்றில் ஊற்று நீர்

கோடையில் கிணறு வறண்டு, ஆற்றிலும் நீரோட்டம் நின்றுவிட்டால் கைகொடுப்பது ஆற்று மணல்தான். பாலாறு, வைகை போன்ற மணல் ஆறுகளில் மேலே காய்ந்து கிடந்தாலும் அடியில் நீர் தங்கியிருக்கும். நீரில் ஊறிய ஒரு கன மீட்டர் பருமணலிலிருந்து சுமார் 200 முதல் 300 லிட்டர் நீர் வடியும். காய்ந்த மேல்மணலே போர்வையாகி, அடிநீர் ஆவியாகாமல் காக்கும்.

நாணல் பசுமையாக நிற்கும் இடமும், ஆற்றின் குறுக்கே பாறை ஓடும் இடத்துக்கு மேற்புறமும் ஊற்றுத் தோண்ட ஏற்றவை. மணல் சரியாமலிருக்க அடித்தட்டு நீக்கிய பீப்பாயை இறக்கலாம். பூச்சிமருந்து வந்த பீப்பாய் கூடாது. இடுப்பளவுக்கு மேல் ஆழமான குழியில் யாரும் தனியே இறங்கக் கூடாது. முதலில் ஊறும் கலங்கல் நீரை இறைத்துவிட்டு, பின்னர் ஊறும் தெளிந்த நீரை எடுக்க வேண்டும். மாடுகளை ஊற்றருகே விடாமல், தள்ளித் தொட்டி வைத்துத் தண்ணீர் காட்டுவது நல்லது.

குடிக்கும் நீரைக் கொதிக்க வைப்பது அவசியம். ஆனால் தோல் தொழிற்சாலை, சாயப்பட்டறைக் கழிவு கலந்த பகுதியில் கொதிக்க வைத்தாலும் நஞ்சு நீங்காது. அங்கு ஊற்று நீரைத் தவிர்க்க வேண்டும்.

மணலை அள்ளிவிட்டால் நீர் தங்க இடமில்லை. ஆற்று மணலைக் காக்கும் ஊர், பஞ்ச காலத்துக்கான தண்ணீரைச் சேமித்து வைக்கிறது.