நடையும் ஞாபகமும்

‘வயது போன காலத்தில் ஏன் அலைச்சல்?’ என்று வீட்டுப் பெரியவரைச் சாய்மனைக் கதிரையில் இருத்திவிடுகிறோம். பரிவுதான், ஆனால் அது அவருக்கு நன்மையா?

அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க், இலினோய் சர்வகலாசாலைகளின் அறிஞர்கள் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. இருந்தே பழகிய, 55 முதல் 80 வயது வரையான 120 பேரை அவர்கள் இரு கூறாக்கினர். ஒரு சாரார் கிழமைக்கு மூன்று நாள் விரைந்து நடந்தனர்; மற்றையோர் கைகால்களை நீட்டி மடக்கும் இலேசான பயிற்சிகளே செய்தனர். ஓராண்டின் பின் மூளையைப் படம்பிடித்து அளந்தபோது, நடந்தோரின் ‘ஹிப்போகம்பஸ்’ சுமார் 2 வீதம் பருத்திருந்தது. மற்றையோருக்கு அது 1.4 வீதம் சுருங்கியிருந்தது. கடற்குதிரை வடிவான இச் சிறு பகுதியே புதிய ஞாபகங்களைப் பதிப்பதற்கு இன்றியமையாதது.

ஒன்றை மறைத்தலாகாது. ஞாபகப் பரீட்சையில் இரு சாராருமே முன்னேறினர். எனினும் நடந்தோருள் அப்பகுதி அதிகம் பருத்தவர்களே அதிகம் முன்னேறினர். இவர்கள் மறதி நோய் இல்லாதவர்கள். நோயுற்றோருக்கு நடை மருந்தாகுமா என்பது வேறு கேள்வி.

40 நிமிட நடையா என மலைக்கவேண்டாம். அவர்களும் முதற் கிழமை 10 நிமிடமே நடந்தனர். கிழமைதோறும் 5 நிமிடம் கூட்டி, ஏழாங் கிழமையிலேதான் நாற்பதை எட்டினர்.